மடியில் வைக்க முடியாத கணினி

— அது செங்கல் இல்ல அத்தை, சார்ஜர்.

— செங்கல்லா இருந்தா பரவாயில்லையே. வழியில ஒரு வீடு கட்டிக்கிட்டிருந்தாங்க, அங்கேயே இறக்கி வெச்சிட்டு வந்திருப்பேன். சரி, உட்காரு முதல்ல. பெஞ்சுல இடம் இருக்கு. அந்தப் பையை உன் பக்கமே வெச்சுக்க, என் பக்கம் தள்ளாதே. அதுக்கும் எனக்கும் இன்னைக்குப் பேச்சு முடிஞ்சுது.

— பஸ் வந்துடப் போகுது.

— வந்தா எழுந்திருப்போம். முட்டி ரெண்டும் கெஞ்சுது. மத்த வீட்டுல மாமியார் மருமகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் குடுப்பாங்க. நான் ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கிட்டு பஸ் மாறி பஸ் ஏறி வந்திருக்கேன். யாரைக் கேட்டு இதை வீட்டுலயே விட்டுட்டுப் போனே?

— நான் விடல அத்தை. பைக்குப் பக்கத்துலயே ப்ளக்குல மாட்டி வெச்சிருந்தேன். காலையில யாரோ உருவியிருக்காங்க.

— யாரோ என்ன யாரோ, நான்தான். உன் சட்டைக்கு இஸ்திரி போட ப்ளக் வேணாமா? கசங்கின துணியோட பெரிய மனுஷங்க முன்னாடி போய் நிப்பியா? வீட்டுல இருக்கிற ப்ளக்கையெல்லாம் உன் மெஷினும் அதோட குட்டிங்களும் பிடிச்சுக்கிச்சு. ஒண்ணுல அந்தப் படம் வரையற பலகை, ஒண்ணுல ஸ்பீக்கர், ஒண்ணுல அதுக்கு அடியிலேர்ந்து காத்து அடிக்கிற தட்டு. மெஷினுக்கே விசிறி வீசற மெஷினை நான் உன் அறையிலதான் பார்த்தேன்.

— உருவினதை அப்படியே என் பை மேல வெச்சிருக்கலாமே.

— வெச்சேன். கொதிக்குது. பை பொசுங்கிடுமேன்னு எடுத்து ஜன்னல்கிட்ட ஆற வெச்சேன். அது ஆறறதுக்குள்ள நான் மறந்துட்டேன். நீயும் உள்ள பார்க்காம பையைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டே.

— பை எப்பவும் போல கனமாத்தான் இருந்துச்சு. இந்த லேப்டாப்புல அதுதான் கஷ்டம். சார்ஜர் இருந்தாலும் இல்லாட்டியும் தோள் ஒரே மாதிரிதான் இறங்குது.

— இதுக்கு மடிக்கணினின்னு பேரு வெச்சவனை ஒரு தடவை பார்க்கணும் எனக்கு. மடியில வெச்சா மடிஞ்சுதான் போகணும். நீ அன்னைக்கு சோபாவுல உட்கார்ந்து மடியில வெச்சு வேலை பார்த்துட்டு, அப்புறம் கதவைச் சாத்திக்கிட்டுத் தொடையில ஐஸ் கட்டி ஒத்தினது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே.

— அதுக்கப்புறம் மேசைக்கு மாறிட்டேனே.

— நீ மாறினே, கூடவே என் கரண்டி ரெண்டும் மாறிடுச்சு. அதுக்கு முட்டுக் குடுக்க என் கரண்டிதான் கிடைச்சுதா?

— அப்ப அந்தத் தட்டு வாங்கல அத்தை. அடியில காத்து போகலேன்னா அது தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். பலம் அதிகமா இருக்கிற மெஷின் அப்படித்தான். எவ்வளவு பலமோ அவ்வளவு சூடு.

— மனுஷங்களும் அப்படித்தான். சரி, மேல என்ன நடந்துச்சு, அதைச் சொல்லு. நான் உள்ள வந்ததும் எல்லாரும் எழுந்து நின்னாங்க. நான் என்ன மந்திரியா? அப்புறம் ஏன் அப்படிச் சிரிச்சாங்க? என் புடவையில ஏதாவது ஒட்டியிருந்துச்சா?

— ஒண்ணும் ஒட்டல. அது வந்து... நான் சொல்றேன். முதல்ல நீங்க எப்படி வந்து சேர்ந்தீங்க, அதைச் சொல்லுங்க.

— வெயில் அடிக்குதேன்னு ஜன்னலைச் சாத்தப் போனேன். இது உட்கார்ந்திருக்கு. உனக்குப் போன் போட்டேன், எடுக்கல.

— சத்தத்தை நிறுத்தி வெச்சிருந்தேன்.

— உன் புருஷனுக்குப் போட்டேன். அவன் ஆபீஸ்லேர்ந்து என்ன சொல்றான், கவலைப்படாதீங்கம்மா, லேப்டாப்புல பேட்டரி இருக்கும்கறான். எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. முழுசா சார்ஜ் ஏத்தினாலும் ஒரு சினிமாவுக்கு இடைவேளை வரைக்கும் அது தாங்காதுன்னு பகல் பூரா அதோட இருக்கிற எனக்குத் தெரியும். ஒரு நாள் கரண்டு போனப்போ நீ அதை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு, கைக்குழந்தைக்குப் பால் கேக்கற மாதிரி கீழ் வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஓடினியே. நீ வியாக்கியானம் பண்ணாதே, விலாசத்தை மட்டும் சொல்லுன்னு வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

— டாக்சி கூப்பிட்டிருக்கலாம்.

— பஸ்தான் முதல்ல வந்துச்சு. மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். பக்கத்துல ஒரு ஆள் எட்டி எட்டிப் பார்த்துட்டு, இது என்னம்மா, வண்டிக்குப் போடற பேட்டரியான்னு கேட்டான். சார்ஜர்னேன். எந்த வண்டிக்குன்னான். மருமகளுக்குன்னேன்.

— கடவுளே.

— இங்க வந்தா கீழ ஒரு செக்யூரிட்டி. பையை அந்த ஓடற பட்டையில போடச் சொன்னான். போட்டேன். உள்ள போச்சு, வெளிய வந்துச்சு. மறுபடியும் உள்ள அனுப்பினான். திரையையே உத்துப் பார்க்கறான். கட்டையா ஒரு பெட்டி, ரெண்டு பக்கமும் ஒயர். இது என்னம்மான்னான். லேப்டாப் சார்ஜர்னேன். அவன் தன் மேசையில கிடந்ததை எடுத்துக் காட்டறான், சோப்புக் கட்டி அளவுக்கு இருக்கு. இதாம்மா லேப்டாப் சார்ஜர்ங்கறான்.

— பாவம், அவர் பார்த்ததெல்லாம் அந்தச் சின்ன வகை.

— நானும் அதைத்தான் சொன்னேன். தம்பி, நீ ஆட்டுக்குட்டியைப் பார்த்திருக்கே, எங்க வீட்டுல கட்டியிருக்கிறது யானைன்னேன். அவன் நம்பல. மேலதிகாரியைக் கேக்கணுமாம், அவர் சாப்பிடப் போயிருக்காராம், உட்காருங்கன்னான். அங்க உன் மெஷின் கடைசி மூச்சு விட்டுக்கிட்டிருக்கும், நான் இங்க எப்படி உட்கார்றது? லிப்ட் கதவு திறந்துச்சு. பையை எடுத்துக்கிட்டு ஏறிட்டேன்.

— அவர் விட்டுட்டாரா?

— எங்க விட்டான், அவனும் ஓடி வந்து ஏறிட்டான். லிப்டுல கண்ணாடி இருந்துச்சு, நான் தலைமுடியைச் சரி பண்ணிக்கிட்டேன். வெளிய இறங்கினதும் பையைப் பிடிச்சான் பாரு, அப்பதான் எனக்குப் பொங்கிடுச்சு. அந்தப் பழைய ஹாஸ்டல் குரல் தானா வெளிய வந்துடுச்சு.

— எனக்குத் தெரியும். உள்ள கேட்டுச்சு.

— பொம்பளைங்க ஹாஸ்டல்ல வார்டனா இருந்தவ குரல், கேக்காம என்ன. யாரைக் கேட்டு என் பையைத் தொட்டே, கையை எடு, தள்ளி நில்லு, ஒழுங்கா வரிசையில வான்னேன். இருக்கிறதே அவன் ஒருத்தன், இதுல வரிசைக்கு எங்க போறது? வாய்க்கு வந்துடுச்சு. அதுக்குள்ள கதவு திறந்து, அந்தக் கண்ணாடி போட்ட அம்மா தலையை நீட்டினாங்க. என்னைப் பார்த்ததும் முகத்துல ஒரு பூரிப்பு, காணாமப் போன சொந்தத்தைக் கண்டுபிடிச்ச மாதிரி. காப்பி வேணுமா டீ வேணுமான்னு கேக்கறாங்க. உள்ள எட்டிப் பார்த்தா, எல்லாரும் கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிக்கறாங்க, நீ மட்டும் நடுவுல அழுதுக்கிட்டு நிக்கறே. சார்ஜரை மேசை மேல வெச்சேன். மேசையே அதிர்ந்துச்சு. அதுக்கும் ஒரு சிரிப்பு.

— நான் அழல அத்தை. அழப் போறதுக்கு முன்னாடி முகம் ஒரு மாதிரி ஆகுமே, அதுல நின்னுக்கிட்டிருந்தேன்.

— ஏன்? அதைத்தானே கேக்கறேன்.

— அவங்க சொன்ன நேரத்துக்குக் கூப்பிடல. எனக்கு முன்னாடி வேற ஒரு கூட்டம், நீண்டுக்கிட்டே போச்சு. உள்ள போனதும் சட்டுனு காட்டணுமேன்னு நான் வெளியிலயே மெஷினைத் திறந்து வெச்சிட்டேன். சும்மா திறந்து வெச்சாலே அது குடிக்கும். கீபோர்டுல கலர் கலரா விளக்கு ஓடுதே, அதை அணைக்கற வழி இன்னும் எனக்குப் பிடிபடல. வரவேற்புல இருந்த பொண்ணு பார்த்துட்டு, என்ன கேம் ஆடறீங்கன்னு கேட்டா. வேலை கேட்டு வந்திருக்கேன்னு சொன்னேன். அவ நம்பின மாதிரி தெரியல.

— எனக்கே அது பிடிக்காது. இருட்டுல பார்த்தா சர்க்கஸ் கூடாரம்.

— பேட்டரி பாதிக்குக் கீழ இறங்கினதும் பைக்குள்ள கையை விட்டேன். வெறும் துணிதான் கையில வருது. மூலை மூலையா தடவறேன். சார்ஜர் என்ன, தொலையற சாமானா? பையையே கவுத்துப் பார்த்தேன். அந்தப் பொண்ணு நல்லவ, உள்ள போய்ச் சொல்லியிருக்கா. அந்த ஆபீஸ்ல இருக்கிறவங்க ஆளுக்கொரு சார்ஜரைத் தூக்கிக்கிட்டு வந்து என்னைச் சுத்தி நின்னுட்டாங்க. எல்லாம் ஒல்லி ஒல்லியா இருக்கு. ஒண்ணும் சேரல. ஒரே ஒண்ணு மட்டும் பக்கவாட்டுல வேற ஒரு ஓட்டைக்குள்ள போச்சு. ஆனா அதுல வர்ற கரண்டு இதுக்கு ஒரு மடக்குத் தண்ணி மாதிரி. குடிச்சுக்கிட்டும் இருக்கு, தாகமும் ஏறிக்கிட்டே இருக்கு.

— படத்தை அவங்க மெஷின்ல போட்டுக் காட்டியிருக்கலாமே.

— ஓடற படம் மட்டும்னா காட்டலாம். அவங்க சொல்றபடி அந்தக் கார்ட்டூன் பொம்மையை அங்கேயே அசைச்சுக் காட்டணும். கழுத்தைத் திருப்புன்னா திருப்பணும், இறக்கையை விரின்னா விரிக்கணும். அவங்ககிட்ட இருக்கிற லேப்டாப்புல அதைத் திறந்தா அப்படியே உறைஞ்சு நின்னுடும். அதுக்குத்தானே இந்த மலையை வாங்கினேன். எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போகலாம், எவ்வளவு பெரிய வேலையையும் தாங்கும்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க. ரெண்டுமே உண்மைதான். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்காதுன்னு அவங்க சொல்லல.

— நீ காப்பிக் கடைக்குப் போய் வேலை பார்க்கறேன்னு போனியே ஒரு தடவை.

— அதை ஏன் கேக்கறீங்க. ப்ளக் இருக்கிற மேசைக்காகக் காத்திருந்து பிடிச்சேன். வேலையை ஆரம்பிச்சதும் ஃபேன் போட்ட சத்தத்துல பக்கத்து மேசைக்காரங்க எழுந்து வேற இடம் போயிட்டாங்க. ஒண்ணுக்குப் போகணும்னா அதைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரல. பையில போட்டு, ஒயரைச் சுருட்டி, தூக்கிக்கிட்டுப் போய்ட்டு வந்தா, என் மேசையில வேற யாரோ உட்கார்ந்திருக்காங்க.

— நம்ம வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க மட்டும் என்ன. உன் பெரிய மாமா இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் வெச்சிருக்கியேன்னு சொல்லிட்டு, கல்யாண போட்டோவுல அவர் தம்பியை மட்டும் அழிச்சுக் குடுக்கச் சொன்னாரே.

— அழிச்சுக் குடுத்தேன். அப்புறம் ரெண்டு பேரும் சமாதானமாயிட்டாங்க, மறுபடியும் கொண்டு வந்து ஒட்டச் சொன்னார்.

— சரி, கதைக்கு வா. உள்ள போனே.

— உள்ள போனேன். ஆன் பண்ணின கொஞ்ச நேரத்துல ஃபேன் கிளம்பிடுச்சு. அந்தக் கண்ணாடி போட்ட அம்மாதான் அங்க டைரக்டர். அவங்க பேசறதை நிறுத்திட்டு ஏசியை அணைக்கச் சொன்னாங்க. அணைச்சாங்க. இரைச்சல் போகல. அப்பதான் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. ஏசி இல்லாததால இது இன்னும் சூடாகி இன்னும் கத்துது. மேசை மேல ஒரு கிண்ணத்துல சாக்லேட் வெச்சிருந்தாங்க, மெஷினோட முதுகுப் பக்கமா. வர்ற அனல்ல அது பூரா உருகி ஒரே கட்டியா ஆயிடுச்சு. ஒருத்தர் எடுக்கப் போனார், கிண்ணமே கூட வந்துச்சு.

— அவ்வளவுக்கும் நடுவுல படத்தைப் பார்த்தாங்களா?

— பார்த்தாங்க அத்தை. நல்லாவே பார்த்தாங்க. சின்னப் பிள்ளைங்களுக்கான தொடர்னு உங்ககிட்ட சொன்னேனே. ஒரு குளம், ஒரு வயசான வாத்து. குளத்தை அதுதான் நிர்வாகம் பண்ணுது. யார் எங்க நீந்தணும், யார் எப்ப தூங்கணும்னு எல்லாத்தையும் அதுதான் சொல்லும். ஒரு நாள் நரி ஒண்ணு கரையில வந்து நிக்குது. குஞ்சுங்க எல்லாம் நடுங்குது. வாத்து மட்டும் நேரா அது முன்னாடி நடந்து போய், அலகைத் திறந்து, யாரைக் கேட்டுன்னு ஆரம்பிக்குது. அவ்வளவுதான். திரை கறுத்துப்போச்சு.

— பேட்டரி.

— பேட்டரி. ஃபேனும் நின்னுடுச்சு. அவ்வளவு நேரம் இரைஞ்சது சட்டுனு நின்னதும் ஒரு அமைதி வந்துச்சு பாருங்க, அந்த மாதிரி அமைதியை நான் கேட்டதே இல்ல. இது கிடைக்கலேன்னா பழைய கம்பெனிக்கே திரும்பிப் போயிடறேன்னு உங்க பிள்ளைகிட்ட சொல்லியிருந்தேன். அந்த ஆபீஸ் நாற்காலி என் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. மன்னிச்சுக்கங்கன்னு சொல்ல வாயைத் திறக்கறேன். அப்ப வெளியிலேர்ந்து ஒரு குரல். யாரைக் கேட்டு என் பையைத் தொட்டே.

— என் குரல்தான்.

— உங்க குரல்தான். ஆனா அவங்களுக்கு அது வாத்தோட குரல். படம் செத்தும் வாத்து பேசுதேன்னு எல்லாரும் திரையைப் பார்க்கறாங்க, அப்புறம் ஸ்பீக்கரைப் பார்க்கறாங்க, அப்புறம் மெதுவா கதவைப் பார்க்கறாங்க. ஒழுங்கா வரிசையில வான்னு சொன்னீங்களே, அங்கதான் ஒருத்தர் நாற்காலியிலேர்ந்து சரிஞ்சே போனார்.

— அது எப்படி? வாத்தோட குரலும் என் குரலும் எப்படி ஒண்ணா இருக்கும்?

— அது வந்து அத்தை...

— எனக்கு வாத்துக் குரல்ங்கறியா?

— வாத்துக்கு உங்க குரல்.

— ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கா?

— நிறைய இருக்கு. முதல்ல நான்தான் பேசிப் பார்த்தேன். போனை மேசையில நிமித்தி வெச்சு, என் குரலைப் பதிவு பண்ணிக்கிட்டிருந்தேன். சரியா வரல. அப்ப நீங்க உள்ள வந்து கரண்டிக்காகத் திட்டினீங்க. ஃபேன் சத்தத்துக்கு மேல கேக்கணும்னு உரக்கத் திட்டினீங்க. போன் ஓடிக்கிட்டிருந்தது எனக்கே ஞாபகம் இல்ல. அப்புறம் விளையாட்டா அதை வாத்தோட அலகுல பொருத்திப் பார்த்தேன். அதுவரைக்கும் பொம்மையா இருந்தது, கழுத்தைச் சாய்ச்சு என்னையே பார்க்கற மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் நீங்க வர்ற சத்தம் கேட்டாலே போனை நிமித்தி வெச்சிடுவேன். உங்ககிட்ட கேக்காம செஞ்சிருக்கக் கூடாது. வேலை கிடைச்சதும் ஒரு நடிகையைப் பேச வெச்சு மாத்திடலாம்னுதான் இருந்தேன்.

— எதையெல்லாம் வெச்சே?

— கரண்டி, ஈரத்துண்டு, அப்புறம் நீங்க மிக்சி போட்டதும் பியூஸ் போச்சே, அது.

— பியூஸ் போனது நல்லா இருந்திருக்குமே.

— அதைத்தான் நரிக்கு வெச்சிருக்கேன்.

— மாடி வீட்டு அம்மா, நம்ம வீட்டுல மாவு மில் ஆரம்பிச்சிருக்கோமான்னு கேட்டதைச் சொல்லிச் சத்தம் போட்டேனே?

— அதுல ஃபேன் இரைச்சல் ஜாஸ்தி. எடுக்க முடியல.

— அடடா. அன்னைக்குக் குரல் நல்லா எழும்பி வந்துச்சு.

— உங்களுக்குக் கோபம் இல்லையா அத்தை?

— அந்த வாத்து நல்ல வாத்துதானே? குஞ்சுங்களைக் கொத்தாதே?

— கொத்தாது. சும்மா திட்டும். குளிர் வந்தா எல்லாத்தையும் இறக்கைக்கு அடியில இழுத்து வெச்சுக்கும்.

— அப்ப சரி. அந்த அம்மா கடைசியா என்ன சொன்னாங்க?

— வேலை நமக்குத்தான்னு சொல்லிட்டாங்க. ஆனா குரல் மாறக் கூடாதாம். நடிகையெல்லாம் வேண்டாம், இவங்களைக் கூட்டிக்கிட்டு வான்னாங்க. நீங்க காப்பி குடிச்சிக்கிட்டிருந்தப்போ மூலையில கூப்பிட்டுச் சொன்னாங்க. உங்களை எப்படிக் கேக்கறதுன்னு லிப்டுல இறங்கினதுலேர்ந்து யோசிச்சுக்கிட்டே வர்றேன்.

— அதுக்குத்தான் ஊமை மாதிரி வந்தியா. எங்க வரணும்?

— ஸ்டுடியோவுக்கு. கண்ணாடி அறைக்குள்ள நின்னு, எழுதிக் குடுக்கறதைப் பேசணும்.

— எழுதிக் குடுத்தா எனக்குக் கோபம் வராது. எதிர்ல ஒரு ஆள் நிக்கணும்.

— அந்த செக்யூரிட்டியைக் கேட்டுப் பார்க்கலாம்.

— அவன் பாவம்மா. இறங்கறப்போ அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லம்மா, எங்கம்மாவும் இப்படித்தான்னு சொல்லிட்டு, அந்த சார்ஜரை ஒரு தடவை கையில வாங்கிப் பார்த்தான். தூக்கிப் பார்த்துட்டு, உங்க மருமக பாவம்னான். சரி, நான் வர்றேன். என்னைக்குன்னு மட்டும் சொல்லு. தொண்டையைப் பார்த்துக்கணும்.

— நிஜமாவா? இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்குவீங்கன்னு நினைக்கல.

— வீட்டுல சும்மாதானே இருக்கேன். ஏன், இன்னும் முகம் தெளியலையே உனக்கு. வேற என்ன?

— இன்னொண்ணு சொல்லணும். வேலை கிடைச்சதும் சொல்லிடறதுன்னு இருந்தோம். உங்க பிள்ளையும் நானும் வேற வீடு பார்த்து வெச்சிருக்கோம். அடுத்த மாசம் போயிடலாம்னு. ஏன் அத்தை அந்தப் பக்கம் திரும்பறீங்க?

— பஸ் வருதான்னு பார்த்தேன். வீடு எந்தப் பக்கம்?

— ஆத்துக்கு அந்தப் பக்கம். சின்ன வீடுதான். ப்ளக் நிறைய இருக்கு.

— ப்ளக்கைப் பார்த்தா வீடு பிடிச்சீங்க?

— அதுக்காக இல்ல. இது வந்ததிலேர்ந்து உங்களுக்கு நிம்மதியே இல்ல அத்தை. டிவி கேக்க முடியல, சமையலறையில மிக்சி போட முடியல, வீடு பூரா அனல். முதல்ல எல்லாம் ஒண்ணும் சொல்லாம பொறுத்துக்கிட்டீங்க. அப்புறம் உங்களால முடியல. ஒரு நாளைக்கு ஒரு திட்டுன்னு ஆயிடுச்சு. அதையும் நான் வேலைக்கு எடுத்துக்கிட்டேன்தான், இல்லேங்கல. ஆனா அலகை அசைக்கறதுக்காக ஹெட்போனைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேப்பேன். திட்டை அப்படிக் கேக்கக் கூடாது அத்தை. இந்த மனுஷிக்கு நம்ம மேல இவ்வளவு வெறுப்பான்னு நினைச்சு நினைச்சு எனக்கு அந்த வீட்டுல சோறு இறங்காமப் போச்சு.

— உன் புருஷன் என்ன சொன்னான்?

— எங்கம்மா இப்படிப் பேசறவங்களே இல்லையே, உடம்புக்கு ஏதாவது முடியலையோன்னு கேட்டார்.

— அவன் அதையாவது கவனிச்சானே. நான் ஒண்ணு கேக்கறேன், நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ அந்தப் போனை மேசையில நிமித்தி வெக்காதப்போ, என்னைக்காவது உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?

— அது... சமையலறையில ஒரு தடவை... இல்ல, அது உங்க பிள்ளையைச் சொன்னது. மாடியில துணி காயப் போடறப்போ... இல்ல. அப்பவும் இல்ல. ஆனா இன்னைக்கு?

— இன்னைக்குச் சொன்னது பழக்கம். வாய் பிடிச்சுக்கிச்சு.

— எனக்குப் புரியல அத்தை.

— இந்த வாத்துக்குக் கோபமே வரமாட்டேங்குது, என் குரலைக் கேட்டா பிள்ளைங்க தூங்கிடும், இது நடக்காதுன்னு நீ ஒரு நாள் பால்கனியில நின்னு போன்ல யார்கிட்டயோ அழுதியே, அதுக்கு மறுநாள்தானேடி நான் உன்னைத் திட்டவே ஆரம்பிச்சேன்.